லேப்டாப்பைக் கண்டுபிடித்தவர் திருவண்ணாமலையில் வளர்ந்தவரா?

உங்கள் கேள்வியில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. ‘லேப்டாப்பைக் கண்டுபிடித்தவர் ரமணாசிரமத்தில் வளர்ந்த பையன்’ என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, அது நிஜமா என்பது முதல் கேள்வி. உங்கள் ஊரில் மாதாமாதம் கூடும் கம்ப்யூட்டர் குழுவில் ஒருவர், ‘அந்த மெஷினே இந்த மாதிரி ஒரு கிளப்பில்தான் பிறந்தது’ என்று சொன்னாராம். அது எவ்வளவு தூரம் சரி என்பது இரண்டாவது. நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள நினைப்பது இரண்டாவதைத்தான் என்று எனக்குப் படுகிறது. வேலை முடிந்து சாயங்காலம் நாலு பேர் கூடிப் பேசுவதால் ஒரு பொருள் உருவாகிவிடுமா? நான் 1989இலிருந்து கம்ப்யூட்டர் பழுது பார்த்துப் பிழைப்பவன். பலகையில் எந்தக் கம்பி எங்கே போகிறது என்பதில் என்னை நம்பலாம். கம்பெனி ஏன் திவாலானது என்கிற மாதிரி விஷயத்தில் மற்றவர்கள் எழுதியதைப் படித்துத்தான் சொல்கிறேன், அங்கே என் பேச்சுக்கு அவ்வளவு எடை வேண்டாம்.

முதலில் அந்தப் பையன். பெயர் ஆடம் ஆஸ்போர்ன். 1939இல் பாங்காக்கில் பிறந்தார். அப்பா ஆர்தர் ஆஸ்போர்ன் ஆங்கிலேயர், அம்மா போலந்துக்காரர். யுத்தம் பாங்காக்கை எட்டுவதற்குள் அம்மாவும் குழந்தைகளும் திருவண்ணாமலைக்கு வந்துவிட்டார்கள். அப்பா அங்கேயே மாட்டிக்கொண்டு ஜப்பானியர் முகாமில் கிடந்து, யுத்தம் முடிந்தபிறகுதான் வந்து சேர்ந்தார். ரமணர் உயிரோடு இருந்த காலம் அது. பிற்பாடு ரமணரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியவர்களில் முக்கியமானவர் இந்த ஆர்தர். ஆசிரமத்தின் ஆங்கிலப் பத்திரிகையை 1964இல் தொடங்கியவரும் அவரே. பையன் கொடைக்கானலில் பள்ளிக்கூடம் போனார். பதினோரு வயதில் இங்கிலாந்து, பர்மிங்ஹாமில் கெமிக்கல் இன்ஜினியரிங், அமெரிக்காவில் டெலவேர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம், பிறகு ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் வேலை. ஆக ‘திருவண்ணாமலையில் வளர்ந்தவர்’ என்பது குழந்தைப் பருவத்தைப் பொறுத்தவரை உண்மைதான். அதோடு, உடம்பு முடியாமல் 1992இல் இந்தியாவுக்கே திரும்பி வந்து, 2003 மார்ச்சில் கொடைக்கானலில் காலமானார். வாட்ஸ்அப் செய்தி இதை விட்டுவிட்டது, விசித்திரம்தான். எனக்கு இந்தப் பகுதிதான் அதிகம் மனதில் நிற்கிறது.

அடுத்து ‘கண்டுபிடித்தவர்’ என்கிற சொல். இது தவறு. ஆஸ்போர்ன் லேப்டாப்பைக் கண்டுபிடிக்கவில்லை. 1981இல் அவருடைய கம்பெனி விற்ற ஆஸ்போர்ன் 1 மடியில் வைக்கிற சாமானே இல்லை. எடை 11 கிலோ. 25 கிலோ அரிசி மூட்டையில் கிட்டத்தட்ட பாதி. தூக்கிக்கொண்டு போகலாம் என்கிற அர்த்தத்தில் பார்த்தாலும் அதற்கு முன்னோடிகள் உண்டு. ஐபிஎம் 1975இல் 5100 என்று ஒன்றை விற்றது, சுமார் 25 கிலோ, விலை கிட்டத்தட்ட 9,000 டாலரில் ஆரம்பம். ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் 1978 வாக்கில் நோட்டேக்கர் என்று ஒரு பெட்டி செய்தார்கள். மூடியைத் திறந்தால் கீபோர்டு, உள்ளே சின்னத் திரை, பக்கத்தில் ஃபிளாப்பி. ஆஸ்போர்ன் 1-க்கு அண்ணன் மாதிரியே இருக்கும். ஆனால் பத்துப் பெட்டி அளவில் செய்ததோடு நின்றுவிட்டது, கடைக்கு வரவே இல்லை. இதைப் பார்த்துத்தான் ஆஸ்போர்ன் காப்பியடித்தார் என்று சொல்பவர்கள் உண்டு. பெட்டியின் வடிவம் ஒத்திருப்பது நிச்சயம். காப்பி என்பது வெறும் ஊகம். ஒரு பிக்சர் டியூபையும் இரண்டு ஃபிளாப்பி டிரைவையும் தூக்குகிற பெட்டிக்குள் அடைக்கச் சொன்னால் யார் செய்தாலும் ஏறக்குறைய அதே அமைப்புதான் வரும். பிரித்துப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். சரியாகச் சொல்வதென்றால், கையில் தூக்கிப் போகிற கம்ப்யூட்டரைப் பெரிய எண்ணிக்கையில் விற்று ஜெயித்த முதல் ஆள் அவர். அதுவே போதுமான பெருமை.

இப்போது கிளப்புக்கு வருகிறேன். உங்கள் நண்பர் சொன்னது ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்பாகத்தான் இருக்கவேண்டும். 1975 மார்ச் 5ஆம் தேதி, கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், கார்டன் ஃபிரெஞ்ச் என்பவருடைய வீட்டுக் கார் ஷெட்டில் முதல் கூட்டம். ஃபிரெட் மூர் என்பவரும் சேர்ந்து கூட்டியது. முப்பது பேர் போல வந்திருக்கிறார்கள். அந்த வருஷம் ஜனவரியில்தான் ஆல்டேர் 8800 என்கிற கிட், அதாவது பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளவேண்டிய கம்ப்யூட்டர், ஒரு பத்திரிகை அட்டையில் வந்திருந்தது. திரை கிடையாது, கீபோர்டு கிடையாது. முன்பக்கம் வரிசையாக சுவிட்சும் சின்னச் சின்ன விளக்குகளும்தான். அதை வாங்கிச் சால்டர் செய்தவர்களுக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை, கூடினார்கள். சீக்கிரமே கார் ஷெட் போதாமல், ஸ்டான்ஃபோர்டின் லீனியர் ஆக்ஸலரேட்டர் மையத்து அரங்கத்துக்கு மாறினார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு கூட்டம்.

கூட்டத்தை நடத்தியவர் லீ ஃபெல்சன்ஸ்டைன். பெர்க்லியில் ஒரு ரெக்கார்டு கடை வாசலில் 1973இலேயே பொதுஜனம் தட்டிப் பார்க்க, தூரத்துக் கம்ப்யூட்டரோடு இணைந்த டெர்மினல் வைத்த கோஷ்டியில் இருந்தவர். கையில் நீளமான ஒரு குச்சியை வைத்துக்கொண்டு ஆளை ஆளாகச் சுட்டி, ‘நீ சொல், உன்னிடம் என்ன இருக்கிறது, உனக்கு என்ன வேண்டும்’ என்று கேட்பாராம். ஒருவர் ‘என்னிடம் மெமரி சிப் கூடுதலாக இருக்கிறது’ என்பார், இன்னொருவர் ‘என் கேசட் இன்டர்ஃபேஸ் வேலை செய்யவில்லை’ என்பார். ஒரு சுற்று இப்படி முடிந்ததும் எல்லாரும் எழுந்து, தனக்குத் தேவையான ஆளைத் தேடிப் போய்விடவேண்டும். அந்த இரண்டாவது பாகத்தில்தான் உண்மையான வேலை நடந்தது என்று போனவர்கள் எல்லாருமே சொல்கிறார்கள். பின்னால் ஆப்பிள் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக் முதல் கூட்டத்துக்கே வந்தவர். ஆப்பிள் 1-இன் சர்க்யூட் படத்தை அங்கே ஓசியில் கொடுத்தவரும் அவர்தான். புராசஸர் டெக்னாலஜி, குரோமெம்கோ என்று அந்தக் கும்பலிலிருந்து கிளம்பிய கம்பெனிகள் பல.

ஆஸ்போர்ன் அந்தக் கூட்டத்துக்கு வந்தது சால்டர் செய்ய இல்லை, புஸ்தகம் விற்க! மைக்ரோ பிராசஸரை விளக்கி ஒரு நூல் எழுதியிருந்தார். பதிப்பாளர் சரிப்படாமல் தானே அச்சிட்டு, பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து அரங்கத்து வாசலில் விற்றார். இம்சாய் என்கிற கம்பெனி தன் கிட்டோடு அதைச் சேர்த்துக் கொடுக்க, புஸ்தகம் பறந்தது. 1979இல் மெக்ரா-ஹில் அவருடைய பதிப்பகத்தையே வாங்கிக்கொண்டது. அதற்கிடையில் பத்திரிகைப் பத்தி எழுதி, பணத்தை வாங்கிக்கொண்டு மெஷினை அனுப்பாத கம்பெனிகளை வாரு வாரு என்று வாரினார். ‘இவ்வளவு பேசுகிறாயே, நீயே ஒன்று செய்து காட்டேன்’ என்று கேட்கத் தோன்றும் அல்லவா? கையில் பதிப்பகம் விற்ற பணம் இருந்தது. 1980இல் ஃபெல்சன்ஸ்டைனிடம் போனார், நீ வடிவமை, நான் விற்கிறேன் என்று.

ஆகவே, கிளப் அந்த மெஷினைச் செய்யவில்லை. கூடிப் பேசி யாரும் அதை வரையவில்லை, யாரும் கை தூக்கி ஓட்டுப் போடவில்லை. ஃபெல்சன்ஸ்டைன் மேஜையில் உட்கார்ந்து வரைந்தார், சம்பளத்துக்கும் பங்குக்கும். ஆனால் ஒரு புஸ்தக வியாபாரியும் ஒரு சர்க்யூட் ஆளும் அஞ்சு வருஷம் ஒருவரை ஒருவர் பார்த்துப் பழகி, இவன் சொன்னால் செய்வான் என்று தெரிந்துவைத்திருந்த இடம் அதுதான். கிளப் இல்லாவிட்டாலும் வேறு வழியில் சந்தித்திருப்பார்களா என்று கேட்டால், அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது.

மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை ஒருமுறை என் மேஜையில் வைத்து வேலை பார்த்திருக்கிறேன். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வரும்போது கொண்டுவந்து, பரணில் போட்டு வைத்திருந்தது. நம் வீடுகளில் கைப்பிடி வைத்த மூடியோடு ஒரு தையல் மெஷின் இருக்குமே, அச்சாக அது. படுக்க வைத்து இரண்டு கொக்கியை விடுவித்தால் மூடி தனியே வரும், மூடிதான் கீபோர்டு. தட்டையான ரிப்பன் ஒயர் ஒன்று அதை உடம்போடு இணைக்கும். நடுவில் 5 அங்குலத் திரை, என் உள்ளங்கையை விரித்தால் மறைந்துவிடும். இரண்டு பக்கமும் ஃபிளாப்பி டிரைவ், டிரைவுக்குக் கீழே டிஸ்குகளைச் செருகி வைக்க ஒரு பள்ளம். பிரிண்டர், மோடம் எல்லாவற்றுக்கும் இணைப்பு முன்பக்கமே. உள்ளே இசட்80 பிராசஸர், 64 கேபி மெமரி. பேட்டரி கிடையாது, வேண்டுமானால் வெளியே தனியாக வைத்து மாட்டிக்கொள்ளவேண்டும். சுவரில் பிளக் இருக்கும் இடத்தில்தான் அது ‘போர்ட்டபிள்’.

திரையில் ஒரு வரிக்கு 52 எழுத்துதான் தெரியும். ஆனால் மெமரியில் வரி 128 எழுத்து வரை நீளும். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு அம்புக்குறிச் சாவியைத் தட்டினால், சாளரம் நகர்வது போலப் பக்கம் பக்கமாக நகரும். கேட்க வேடிக்கையாக இருக்கும், ஐந்து நிமிஷத்தில் கை பழகிவிடும். ஒரு ஃபிளாப்பியில் ஏறக்குறைய 90 கேபிதான் கொள்ளும். அதைவிட அதிகம் கொள்கிற டிரைவ்கள் அப்போதே இருந்தன. ஆனால் நம்பிப் பழகிய பாகம் போதும், பெஸ்ட் வேண்டாம் என்பது ஆஸ்போர்னின் கட்சி. பழுது பார்ப்பவன் என்ற முறையில் அந்தக் கட்சிக்கு என் ஓட்டு உண்டு.

என் அனுபவத்தில் ஒரு சொதப்பலும் உண்டு. பவர் போட்டதும் ஃபேன் மாதிரி டிரைவ் சுற்றுகிற சத்தம் வந்தது, விளக்கு எரிந்தது, திரை மட்டும் கறுப்பு. பிக்சர் டியூப் போய்விட்டது என்று முடிவுகட்டி, முக்கால் நாள் உள்ளே நோண்டினேன். ஹை வோல்டேஜ் சரியாக இருந்தது. கடைசியில் பார்த்தால், முன்பக்கம் வெளி மானிட்டருக்கான இணைப்பில் ஒரு சின்ன ஜம்பர் பிளக் செருகியிருக்கவேண்டுமாம். அது இருந்தால்தான் படம் உள்திரைக்குப் போகும். பரணில் எங்கேயோ விழுந்து தொலைந்திருக்கிறது. கையால் ஒன்று செய்து மாட்டினேன், பச்சை எழுத்து வந்தது. பேராசிரியர் காபி வாங்கிக் கொடுத்தார். முக்கால் நாள் விஷயத்தை நான் அவரிடம் சொல்லவில்லை.

சரி, இப்படிப்பட்ட பெட்டி ஏன் ஓடி ஓடி விற்றது? 1981 ஏப்ரலில் சான் ஃபிரான்சிஸ்கோ கண்காட்சியில் காட்டியபோது விலை 1,795 டாலர். அதோடு கடிதம் அடிக்க வேர்ட்ஸ்டார், சூப்பர்கால்க் கணக்குத் தாள், புரோகிராம் எழுத இரண்டு விதமான பேசிக் மொழி, சிபி/எம் இயங்குதளம் எல்லாம் கூடவே வந்தன. தனித்தனியாக வாங்கினால் மென்பொருளுக்கு மட்டுமே கிட்டத்தட்ட அதே காசு ஆகும். மெஷினை ஓசியில் கொடுத்த மாதிரி. இதற்கும் பழைய பழக்கம்தான் கைகொடுத்தது: வேர்ட்ஸ்டார் கம்பெனிக்காரர் சீமோர் ரூபின்ஸ்டைன் முன்பு இம்சாயில் இருந்தவர், ஆஸ்போர்ன் புஸ்தகத்தைக் கிட்டோடு சேர்த்து விற்ற அதே இம்சாய். தூக்கிப் போகலாம் என்பதைவிட, பெட்டியைத் திறந்த அன்றே கடிதம் அடிக்கலாம், கணக்குப் போடலாம் என்பதற்காக வாங்கியவர்கள்தான் அதிகம் என்பது என் அபிப்பிராயம். உச்சத்தில் மாதம் 10,000 பெட்டி போனது.

உங்கள் நண்பர் சொன்னதில் அவரே கவனிக்காத ஓர் உண்மை இங்கேதான் வருகிறது. மெஷின் பிறக்க கிளப் தேவைப்பட்டதோ இல்லையோ, அது பிழைத்துக் கிடக்க கிளப் தேவைப்பட்டது. வாங்கியவர்கள் எழுத்தாளர், வக்கீல், கணக்குப் பிள்ளை மாதிரி ஆட்கள், சால்டர் மணம் அறியாதவர்கள். ஊருக்கு ஊர் பயனர் குழுக்கள் முளைத்தன. கலிபோர்னியாவில் 1981இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் ஆஸ்போர்ன் குரூப், சுருக்கமாக ஃபாக், அவற்றில் பெரியது. அவர்கள் செய்த வேலையைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரியவேண்டும். அந்தக் காலத்து சிபி/எம் மெஷின்கள் எல்லாம் ஒரே இயங்குதளம், ஆனால் ஃபிளாப்பியில் தகவலை அடுக்குகிற முறை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஆஸ்போர்னில் எழுதிய டிஸ்கைப் பக்கத்து வீட்டு மெஷின் படிக்காது. ஒரே ஊர்க்காரர்கள், ஆளுக்கொரு லிபி. பொதுவில் கிடைத்த புரோகிராம்களைச் சேகரித்து, ஒவ்வொரு மெஷினுக்கும் ஏற்ற டிஸ்கில் பிரதி எடுத்து, அடக்க விலைக்குக் கொடுத்தது குழுக்கள்தான். சனிக்கிழமை ஒரு பள்ளிக்கூட ஹாலில் பத்து மெஷின் வரிசையாக உட்கார்ந்து டிஸ்க் நகல் எடுக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். கம்பெனி போனபிறகும் ஃபாக் போன்ற குழுக்கள் மற்ற சிபி/எம் மெஷின்காரர்களையும் சேர்த்துக்கொண்டு வருஷக்கணக்கில் ஓடின.

கம்பெனி போனது 1983 செப்டம்பரில். இங்கே நிச்சயத்தையும் சந்தேகத்தையும் பிரித்தே ஆகவேண்டும், ஏனென்றால் இணையத்தில் எல்லாரும் ஒரே கதையைச் சொல்கிறார்கள்: அடுத்த மாடல் எக்ஸிகியூட்டிவைப் பற்றி ஆஸ்போர்ன் முன்கூட்டியே வாய்விட்டார், மக்கள் பழையதை வாங்குவதை நிறுத்தினார்கள், கம்பெனி கவிழ்ந்தது. ‘ஆஸ்போர்ன் விளைவு’ என்று எம்பிஏ வகுப்பில் பாடமாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். அறிவிப்பு வந்ததும் விற்பனை விழுந்ததும் உண்மை. ஆனால் அது ஒன்றே காரணமா என்பதில் அந்தக் காலத்தில் உள்ளே இருந்தவர்களே ஒத்துப்போவதில்லை. 1982இலேயே கேப்ரோ என்கிற போட்டி மெஷின் வந்துவிட்டது, 9 அங்குலத் திரை, வரிக்கு 80 எழுத்து, 1,595 டாலர். பக்கத்தில் வைத்தால் ஆஸ்போர்னை யார் வாங்குவார்கள்? அதே வருஷம் நவம்பரில் காம்பாக் கம்பெனி தன் பெட்டியை அறிவித்தது. 13 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, விலை ஜாஸ்தி, ஆனால் ஐபிஎம் பிசிக்கு எழுதிய புரோகிராம் அப்படியே ஓடும். முதல் வருஷத்திலேயே 53,000 விற்றது. சிபி/எம் உலகமே அப்போது சரிந்துகொண்டிருந்தது. வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலும் ஆஸ்போர்ன் கம்பெனி இன்னும் ஓரிரு வருஷம்தான் தாங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். முன்பே சொன்னேனே, இது மெக்கானிக் அபிப்பிராயம்.

மடியில் வைக்கிற நிஜமான லேப்டாப் வேறு வழியாக வந்தது, அதில் எந்த ஹாபி கிளப்புக்கும் பங்கில்லை. எப்சனின் எச்எக்ஸ்-20 நோட்டுப் புத்தக அளவில், 1.6 கிலோவில், உள்ளேயே சார்ஜ் ஆகும் பேட்டரியோடு வந்தது. திரை நாலே வரி. 1982இல் வந்த கிரிட் காம்பஸ் இன்றைய லேப்டாப் போலவே மடங்கும், மக்னீசிய உடம்பு, விலை 8,150 டாலர். நாசாவின் விண்வெளி ஓடத்தில் பறந்தது, சாதாரண ஆள் தொடவில்லை. 1985இல் தோஷிபா டி1100. இவற்றுக்கெல்லாம் பெரிய முதலீடும் தட்டையான திரையும் வேண்டியிருந்தன. கார் ஷெட்டில் ஆகிற காரியம் இல்லை.

ஆகவே உங்கள் குழுவில் இதைப் பேசப் போகிறீர்கள் என்றால், ‘கிளப்பில் பிறந்தது’ என்று மட்டும் சொல்லாதீர்கள், யாராவது ஒரு பழைய ஆள் எழுந்து மறுப்பார். நம் பக்கத்தில் ஐஐடி மெட்ராஸில் மாதமொருமுறை கூடிவந்த சென்னை லினக்ஸ் குழுவுக்கு நானும் சில வருஷம் போயிருக்கிறேன். அங்கேயும் பேச்சைவிட, பேச்சு முடிந்து வெளியே டீக்கடையில் நின்ற அரைமணி நேரத்தில்தான் வேலை நடந்தது. ஃபெல்சன்ஸ்டைன் அந்த டீக்கடையை அரங்கத்துக்குள்ளேயே கொண்டுவந்து நேரம் ஒதுக்கினார், அவ்வளவுதான் வித்தியாசம். உங்கள் அடுத்த கூட்டத்தில் வேண்டுமானால் ஒரு குச்சியை எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று. கல்லூரி ஸ்டோரில் சூட்கேஸ் மாதிரி ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடக்கிறது, ஆன் செய்து பார்க்கலாமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். அந்த வயது பவர் சப்ளைகளில் மெயின்ஸ் பக்கம் இருக்கும் ஃபில்டர் கபாசிட்டர் வெடிப்பு விட்டிருக்கும், போட்ட சில நிமிஷத்தில் புகையும், நாற்றம் ஒரு வாரம் போகாது. முதலில் அதை மாற்றச் சொல்லுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டி என்றால் 110 வோல்ட்டா 230 வோல்ட்டா என்று பின்பக்கம் எழுதியிருப்பதைப் படியுங்கள். திறக்கும்போது பிக்சர் டியூபின் பக்கவாட்டுத் தொப்பியில் கை வைக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கியபிறகும் அடிக்கும். முன்பக்கம் ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள், என்ன மெஷின் என்று சொல்கிறேன். ஆஸ்போர்ன்தான் என்றால் அந்த ஜம்பர் பிளக் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.